பிக்கப்பா, பிளக் பாயிண்டா?

போன மாசம் நண்பன் ஒருத்தன் தன்னோட புது மின்சாரக் கார்ல ஏத்திக்கிட்டுப் போனான். ரோடு காலியா இருந்த இடத்துல, "கெட்டியாப் பிடிச்சுக்கோடா"ன்னு சொல்லிட்டு ஒரே மிதி. சத்தமே இல்லாம முதுகு போய் சீட்டோட ஒட்டிக்கிச்சு. பொய் சொல்ல மாட்டேன், நல்லாத்தான் இருந்தது :-)

இறங்கினதும் சொன்னான்: "எலக்ட்ரிக் கார்னா இதுக்குத்தான்டா. மிச்சம் பிடிக்கிற கதையெல்லாம் சும்மா."

இங்கேதான் எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போகலை.

மின் மோட்டார் நின்ன இடத்திலிருந்தே முழு இழுவிசையையும் கொடுத்துடும். பெட்ரோல் இன்ஜின் மாதிரி சுழற்சி ஏறுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அதாவது, பிக்கப் என்பது மோட்டாரோடு கூடவே வருகிற இலவச இணைப்பு. அந்த இணைப்பை முன்னால் வைத்துக் கடை விரித்தது டெஸ்லா. 2008-ல் வந்த ரோட்ஸ்டரின் விலை சுமார் 1 லட்சம் டாலர். முதலில் பணக்காரர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார், அந்தக் காசில் அடுத்தடுத்து விலை குறைந்த கார் என்று 2006-லேயே எலான் மஸ்க் தன் திட்டத்தை எழுதி வைத்திருந்தார். ஆக, வேகம் கல்லாவைத் திறக்கிற சாவி. அவ்வளவுதான்.

சாதாரண ஜனம் வாங்கின கார்களைப் பாருங்க. 2001-ல் பெங்களூரில் வந்த ரேவா மணிக்கு 80 கி.மீ.யைத் தாண்டாது. அதையும் லண்டனில் வாங்கினார்கள். ஏன்? நகர மையத்துக்குள் நுழைய அப்போது நெரிசல் கட்டணம் கிடையாது! 2020-ல் சீனாவில் வந்த வூலிங் மினி, மாருதி 800-ஐ விடச் சக்தி குறைந்த வண்டி. ஆரம்ப விலை 28,800 யுவான். வித்துத் தள்ளிட்டாங்க. நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது மின்சாரக் கார். அத்தனை பேரும் ரேஸ் பிரியர்களா என்ன? வரிச் சலுகைங்க, வரிச் சலுகை!

சரி, நம்ம கணக்குக்கு வருவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி 15 கி.மீ. கொடுக்குதுன்னு வைங்க. கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 67 காசு. மின்சாரம் யூனிட் 10 ரூபாய், யூனிட்டுக்கு 7 கி.மீ. என்றால் 1 ரூபாய் 43 காசு. மிச்சம் சுமார் 5 ரூபாய் 24 காசு. மின்சாரக் கார் 3 லட்சம் கூடுதல் விலை என்றால், அதை எடுக்க ஏறத்தாழ 57,000 கி.மீ. ஓட்டணும். மாசம் 1,000 கி.மீ. ஓடுறவருக்கு அஞ்சு வருஷத்துக்குள்ள வந்துடும். என்னை மாதிரி 500 ஓட்டுற ஆளுக்கு ஒன்பதரை வருஷம்!

இதுவும் வீட்டில் சார்ஜ் போட்டால்தான். வெளியே யூனிட் 20 ரூபாய் ஆனால் 1,000 கி.மீ.காரருக்கே ஆறரை வருஷமாயிடும்.

அப்போ, தினமும் அலைகிற சேல்ஸ்மேன், கால்டாக்சி ஓட்டுறவர், இவங்களுக்குத்தான் இந்த வண்டி நிஜமாவே லாபம். ஆனா அவங்கள்ல எத்தனை பேருக்கு வீட்டு வாசல்ல சொந்தமா ஒரு பிளக் பாயிண்ட் இருக்கு? நான் இருக்கிற அடுக்குமாடியில பார்க்கிங்ல சார்ஜர் வைக்கணும்னு கேட்டேன். மூணு கூட்டம் நடந்தாச்சு. "தீப்பிடிச்சா யார் பொறுப்பு?", "பில்லை யார் கட்டுறது?" என்பதிலேயே நிக்குது. தனி மீட்டர் போட்டு, செலவை நானே ஏத்துக்கறேன்னு சொல்லியும் பார்த்துட்டேன். ம்ஹூம்.

தனி வீடும் போர்ட்டிகோவும் உள்ள நண்பனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனாலதான் அவனால பிக்கப் பற்றிப் பேச முடியுது. மின்சாரக் கார் வேகப் பிரியர்களோட பொம்மைன்னு தோணுதுன்னா, காரணம் கார் இல்லை. வாங்க வேண்டியவனுக்கு சுவத்துல ஓட்டை கிடைக்கலை, அதான்.

கம்பெனிக்காரங்களே, அரை நொடி குறைச்சதைப் பற்றி விளம்பரம் போட்டது போதும். எங்க அசோசியேஷனைச் சம்மதிக்க வைக்க ஒரு ஆளை அனுப்புங்க. கையோட வண்டிக்கு அட்வான்ஸ் தரேன்.

கொசுறு: நாலாவது கூட்டம் வர்ற ஞாயிற்றுக்கிழமை. டீ, சமோசா என் செலவு :-)