எண்ணூர் வாயுவும் இயற்கை அரிசியும்

ரஸாயன உரமின்றி விளைந்த அரிசியும் காய்கறியும் தனவந்தர்கள் சமாசாரம் என்று சிலர் பரிகசிக்கின்றனர். கடையில் விலையைக் கேட்டவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். ஆனால் அவ்விலையை எதனோடு ஒத்துப் பார்க்கிறோம் என்பதே நமது கேள்வி. விடை எண்ணூரில் இருக்கிறது.

2023-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவில், எண்ணூர் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் வாசிகள் மூச்சுத் திணறி, இருளில் குழந்தைகளுடன் வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். ஜனங்கள் நாட்கணக்கில் போராடினர். மூடப்பட்ட ஆலை 2024 ஆகஸ்டில் மீண்டும் இயங்கலாயிற்று. எங்கோ ஒரு வயலுக்கு இடப்படும் உரத்தின் கிரயத்தில் ஒரு பங்கை எண்ணூர் மீனவர் தமது சுவாசத்தைக் கொண்டு செலுத்துகிறார். எந்த ரசீதிலும் அத்தொகை காணப்படுவதில்லை.

காணப்படாத தொகை இன்னொன்றும் உண்டு. 45 கிலோ யூரியா மூட்டையின் விலை, வரி முதலியன நீங்கலாக, 242 ரூபாய். அடக்கவிலையோ பன்மடங்கு. மிச்சத்தை மத்திய சர்க்காரின் பொக்கிஷம் கொடுக்கிறது. அப்பொக்கிஷத்தில் ராயபுரத்தில் மூட்டை சுமப்பவரின் காசும் இருக்கிறதல்லவா? சாணமும் தழையும் இட்டு, களையெடுக்க அதிக ஆள் வைக்கும் குடியானவருக்கு 2015 முதல் ஒரு திட்டம் இருக்கிறதென்பது உண்மையே. உர மானியத்தின் முன் அது கடுகு. முத்திரை பெறுவதற்கு இரண்டு மூன்று வருஷம் அவர் காத்திருக்கவும் வேண்டும். ஒரு தட்டில் கல்லை வைத்துவிட்டு, தராசு சாய்கிறதே என்று வியப்பது என்ன நியாயம்?

உரத்தை உடனே தடுத்துவிட வேண்டும் என்பாருக்கு இலங்கையே பதில். 2021-ல் கோத்தபய ராஜபக்ஷ சர்க்கார் உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்திற்று. நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. அவ்வருஷ நவம்பரிலேயே உத்தரவு வாபஸாயிற்று. கெஜட்டில் வெளியிட்டதால் மண் மாறிவிடுமா? உரப் பழக்கம் முன்பே குறைவாயிருந்த சிக்கிமுக்கும்கூட, 2003-ல் தொடங்கிய காரியம் நிறைவேற 2016 வரை ஆயிற்று.

தமிழ்நாட்டு சர்க்கார் 2023 மார்ச்சில் இயற்கை விவசாயக் கொள்கையொன்றை வெளியிட்டது. அதை வரவேற்கிறோம். ஆனால் விளைந்ததை வாங்குவார் யார்? தென்சென்னைச் சீமான்களை நம்பி ஒரு மாகாணத்தின் விவசாயத்தை மாற்ற முடியாது. சர்க்காரே முன்விலை கூறிக் கொள்முதல் செய்து, பள்ளிக்கூடச் சத்துணவுக்கு அனுப்பட்டும். கொள்முதல் நிச்சயமென்றால் குடியானவரும் துணிந்து காத்திருப்பார். உர மானியத்தில் வருஷந்தோறும் ஒரு சிறு பங்கை இதற்கென மத்திய சர்க்கார் ஒதுக்கவேண்டும். முதல் வண்டி எண்ணூர்க் குப்பத்துப் பள்ளிக்கூடத்திற்குச் செல்லட்டும்.