யாருடைய பாலம்?



பெருநாள் தொழுகை முடிந்த மறுநாள் வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்துக் குடும்பங்கள் வேன் பிடித்து மலைப்பக்கம் கிளம்புவதை நீங்கள் அறிவீர்கள். சிலர் ஏலகிரிக்குப் போவர். சிலர் ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானாய்வகம் வரை சென்று, சவ்வாது மலையின் குளிர்காற்றை அனுபவித்துத் திரும்புவர். வேலூர்க்காரர்களுக்கு அமிர்தி. எந்தப் பூங்காவுக்குள் நுழைந்தாலும், அங்கே ஓடையின் குறுக்கே ஒரு நடைபாலம் இருந்துவிட்டால் பிள்ளைகள் முதலில் ஓடுவது அதன் மேல்தான். ஏறி நின்று ஆட்டிப் பார்ப்பார்கள். நாமும் கீழே நின்று புகைப்படம் எடுப்போம்.

அந்தப் பாலத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கைப்பிடிக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசியிருப்பார்கள். ஆனால் இரும்புத் தூண் சிமெண்டுக்குள் இறங்கும் இடத்தில் மழைநீர் தேங்கி, வண்ணம் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருக்கிறதா? விரலால் தட்டினால் செதில் செதிலாகத் துரு உதிர்கிறதா? அப்படியானால் உள்ளே இரும்பு தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மேலே பளபளக்கும் வண்ணம் அதை மறைக்குமேயன்றித் தடுக்காது.

குஜராத்தில் மோர்பி நகரின் தொங்கு நடைபாலத்தை நாம் மறந்திருக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்தப் பாலத்தைப் பழுதுபார்ப்பதற்காகச் சில மாதங்கள் மூடி வைத்தார்கள். 2022 அக்டோபர் 26 அன்று மீண்டும் திறந்தார்கள். நான்கே நாளில், விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்த மாலையில், அது அறுந்து மச்சூ ஆற்றில் விழுந்தது. 135 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகள் பலர். பின்னர் விசாரணைக் குழு ஆராய்ந்தபோது, ஒரு முதன்மை வடத்தின் 49 கம்பிகளில் 22 கம்பிகள் துருப்பிடித்திருந்தது தெரிய வந்தது.

அது பராமரிப்பின் கதை. நிதியின் கதை வேறு. புனே மாவட்டத்தில் குண்ட்மலா என்னுமிடத்தில் இந்திராயணி ஆற்றின் மேல் சுமார் முப்பது ஆண்டுப் பழமையுள்ள இரும்பு நடைபாலம் ஒன்று இருந்தது. அது பயன்பாட்டுக்குத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டு, எச்சரிக்கைப் பலகையும் வைக்கப்பட்டிருந்தது. புதிய பாலத்துக்கு 8 கோடி ரூபாய் ஒப்புதலும் ஆகியிருந்தது. 2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, ஆற்றில் புதுவெள்ளம். அதைக் காணத் திரண்ட கூட்டத்தின் பாரம் தாங்காமல் பழைய பாலம் முறிந்து நான்கு உயிர்கள் போயின. பணம் காகிதத்தில் இருந்தது. மக்கள் பாலத்தின் மேல் இருந்தார்கள்.

சென்னை அடையாறு முகத்துவாரத்தில் 1967-இல் கட்டப்பட்டு 1977-இல் உடைந்த நடைபாலத்தைப் பார்த்திருப்பீர்கள். மீனவ மக்கள் கடந்து செல்லக் கட்டியது அது. உடைந்தபின் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்து, ‘உடைந்த பாலம்’ என்பதே அதன் பெயராகிவிட்டது. சிறிய பாலங்களின் தலைவிதி பெரும்பாலும் இப்படித்தான். பெருஞ்சாலைப் பாலம் உடைந்தால் பேருந்து நின்றுவிடும், அமைச்சர் வருவார். பூங்காப் பாலம் உடைந்தால் பிள்ளைகள் வேறு பக்கம் விளையாடப் போவார்கள்.

சரி, உங்கள் ஊரில் அப்படியொரு பாலம் இருந்தால் என்ன செய்வது? முதலில் கேட்க வேண்டியது பணத்தை அன்று. “இந்தப் பாலம் யாருடையது?” என்பதைக் கேளுங்கள். பூங்கா பேரூராட்சியுடையதாக இருக்கலாம். ஓடை நீர்வளத்துறையின் கணக்கில் இருக்கலாம். அக்கரை வனத்துறையின் எல்லைக்குள் வரலாம். மூன்று அலுவலகங்களும் மற்ற இரண்டைக் கைகாட்டினால் மனு ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் முப்பது நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான விடை தந்தாக வேண்டும். பாலம் எந்த ஆண்டு கட்டப்பட்டது, கடைசியாக எந்தப் பொறியாளர் எப்போது ஆய்வு செய்தார், அந்த அறிக்கையின் நகல் எங்கே என்பவற்றையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது மதிப்பீடு. நம் ஜமாஅத்துகளும் நலச்சங்கங்களும் தவறுவது இங்கேதான். நூறு கையெழுத்துடன், “ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பொன்னாடை போர்த்திப் படமும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். தொகை குறிப்பிடாத மனுவுக்கு எந்த நிதியிலிருந்து ஒதுக்குவார்கள்? பாலத்துக்குரிய அலுவலகத்தின் பொறியாளர் வந்து அளந்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும் என்பதையே ஒரு தனி மனுவாகக் கொடுங்கள்.

பொறியாளர் வரும்போது உடன் நில்லுங்கள். மலையோடை எட்டு மாதம் காய்ந்து கிடக்கும். ஒரே இரவில் மரக்கட்டைகளையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வரும். 2021 நவம்பரில் பாலாறு பெருகி ஓடியதை நம் வட்டாரம் கண்ணால் கண்டது. ஓடையின் நடுவில் தூண் வைத்தால் கட்டைகள் அதில் சிக்கி வெள்ளம் பாலத்தையே தள்ளும். ஆகவே கரைக்குக் கரை ஒரே தாவலாக அமைக்க இயலுமா என்று கேளுங்கள். வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை அங்கே ஆடு மேய்க்கும் முதியவர் காட்டுவார். அவரையும் அழைத்துச் செல்லுங்கள். படிக்கட்டு வேண்டாம், சரிவுப் பாதை வேண்டும் என்றும் சொல்லுங்கள். மூட்டுவலியுள்ள மூதாட்டியும் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் அக்கரையைப் பார்க்க வேண்டாமா? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

மதிப்பீடு கைக்கு வந்தபின் தட்டுவதற்குக் கதவுகள் உண்டு. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி; நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. தோல், காலணித் தொழிலால் வளர்ந்த வட்டாரம் நம்முடையது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, ஆண்டு நிகர இலாபம் 5 கோடியோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஊரக வளர்ச்சி அச்சட்டத்தின் அட்டவணையில் இருப்பதால், பூங்கா ஊராட்சி எல்லையில் இருந்தால் கேட்பது எளிது.

2021-இல் மீண்டும் உயிர்பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதியை அரசு தரும். உடனே சிலர் ஜகாத் பணத்தைத் தரலாமா என்று கேட்பார்கள். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத் தேவையுடையவரின் கையில் உடைமையாகச் சேர வேண்டும். பாலத்துக்கு அது ஆகாது. சதகா ஜாரியாவுக்கு இது நல்ல இடம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்க, பாதையே இடையூறாகி நிற்கும்போது நாம் தயங்குவானேன்? பாலத்தில் நடக்கப்போவது எல்லாச் சமயத்தாரும் என்பதால், வசூலையும் எல்லாருமாகச் சேர்ந்தே செய்யுங்கள்.

பலர் கூடித் தந்தால் எதுவும் ஆகும் என்பதற்கு போஸ்னியாவின் மோஸ்தார் பாலமே சான்று. 1566-இல் உஸ்மானியர் முடித்த அந்தக் கல் நடைபாலம் 1993 நவம்பர் 9 அன்று பீரங்கியால் தகர்ந்தது. உலக வங்கியின் கடனும், இத்தாலி, நெதர்லாந்து, துருக்கி, குரோஷியா ஆகிய நாடுகளின் நன்கொடையும் சேர்ந்து, 2004 ஜூலை 23 அன்று அது மீண்டும் திறக்கப்பட்டது. தகர்த்த தரப்பின் பக்கம் நின்ற நாடான குரோஷியாவும் நன்கொடையாளர் பட்டியலில் இருந்ததை எண்ணிப் பாருங்கள்.

இன்னுமொன்று. நிதி கிடைக்க ஓராண்டு ஆகலாம், மூன்றாண்டும் ஆகலாம். ஆதலால் மனுவின் முதல் வரியிலேயே புதிய பாலத்தைக் கேட்காதீர்கள். பழைய பாலத்தை இன்றே மூடக் கேளுங்கள். பலகை போதாது, இரு முனையிலும் ஆள் ஏற முடியாத கம்பித் தடுப்பு வேண்டும். அடுத்த பெருநாளில் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்தான். மனுவைக் கொடுத்த கையோடு தேதியிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கி, ரேஷன் அட்டை வைக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள்.