பேராசிரியரின் பரிசோதனையும் அமைச்சரின் ஆணையும்

தாய்மொழிவழித் தொடக்கக் கல்விக் கொள்கை ரத்து செய்யப்படுகிறது என்று நைஜீரியாவின் கல்வி அமைச்சர் துஞ்சி அலௌசா 2025 நவம்பரில் அறிவித்தார். மழலையர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இனி ஆங்கிலமே பயிற்றுமொழி. தாய்மொழியை அதிகம் பயன்படுத்திய பகுதிகளில்தான் மாணவர்கள் பொதுத் தேர்வுகளில் பெருமளவில் தோற்கிறார்கள் என்பது அவர் முன்வைத்த காரணம். தொடக்கப் பள்ளியின் ஆறாண்டுகளும் தாய்மொழியில் கற்பிக்கப்பட வேண்டும் என்று அந்நாட்டு அமைச்சரவை 2022-ல்தான் ஒப்புதல் அளித்திருந்தது. அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை இன்னும் தொடக்கப் பள்ளியைக்கூட முடிக்கவில்லை.

இந்த விவாதத்தில் நினைவுகூரப்பட வேண்டியவர், இதே அமைச்சகத்தை 1990 முதல் 1992 வரை வகித்த பேராசிரியர் பாப்ஸ் ஃபஃபுன்வா. 1923-ல் லாகோஸில் பிறந்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1955-ல் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். என்சுக்காவிலும் பின்னர் இஃபேயிலும் பேராசிரியராகப் பணியாற்றினார். உள்நாட்டுப் போர் முடிந்த 1970-ல், இஃபேயில் அவர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு ஆறாண்டுகளும் கணிதம், அறிவியல் உள்ளிட்ட பாடங்கள் யொரூபா மொழியில் கற்பிக்கப்பட்டன. ஒப்பீட்டுக்கான மற்றொரு பிரிவு, வழக்கம்போல மூன்றாண்டுகளுக்குப் பிறகு ஆங்கிலவழிக்கு மாறியது. ஆறாண்டுகள் யொரூபாவில் படித்தவர்கள் பிற பாடங்களில் முந்தினார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை.

இந்த முடிவு பலமுறை மேற்கோள் காட்டப்பட்டுவிட்டது. அதற்கான உழைப்பைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். யொரூபாவில் புதிய பாடநூல்கள் எழுதப்பட்டன, கலைச்சொற்கள் உருவாக்கப்பட்டன, ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆங்கிலத்தைக் கற்பிப்பதற்கென்றே தனித் தேர்ச்சி பெற்ற ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஆங்கிலத்தை விலக்குவது ஃபஃபுன்வாவின் நோக்கமல்ல. தெரியாத மொழியில் கணக்கையும் அறிவியலையும் திணித்தால் பாடமும் வராது, மொழியும் வராது என்பதே அவர் நிலைப்பாடு. ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவி இல்லாமல் இது நடந்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்பரிசோதனை பற்றிய நூல் 1989-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர் அமைச்சரானார். தன் ஆய்வை நாடெங்கும் நடைமுறைப்படுத்தும் வாய்ப்பு இதைவிட யாருக்குக் கிடைக்கும்? ஆனால், அவர் அமர்ந்தது இப்ராஹிம் பாபங்கிடாவின் ராணுவ ஆட்சியில். கட்டமைப்புச் சீரமைப்பு என்ற பெயரில் பொதுச் செலவு சுருங்கிய காலம் அது. பல்கலைக்கழக ஆசிரியர்கள் 1992-ல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசு அவர்களது சங்கத்தைத் தடை செய்தது. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகத்தில் கழித்த ஒருவர், சக ஆசிரியர்களுக்கு எதிரான அரசின் பக்கம் நிற்க நேர்ந்தது. தொடக்கக் கல்வியில் தாய்மொழி என்பது 1977 முதலே தேசியக் கொள்கையில் எழுதப்பட்டிருந்தது. அவர் பதவிக்கு வந்தபோதும் போனபோதும் அது பெரும்பாலும் ஏட்டில்தான் இருந்தது.

ஃபஃபுன்வாவின் ஆய்வுக்கு எல்லைகள் உண்டு. பல கோடிப் பேர் பேசும், எழுத்து மரபுள்ள யொரூபாவில் சாத்தியமானது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாட்டில் எல்லா மொழியிலும் சாத்தியமாகிவிடாது. பன்மொழி பேசும் லாகோஸ் வகுப்பறையில் எது தாய்மொழி என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால், அலௌசாவின் அறிவிப்பு இந்தச் சிக்கல்களின் மீது கட்டப்படவில்லை. பாடநூலும் பயிற்சியும் இல்லாமல் பெயரளவில் நடந்த ஒன்றைத் தாய்மொழிக் கல்வி என்று கொண்டு, தேர்வுத் தோல்விக்கான பழியை அது மொழியின் மீது சுமத்துகிறது. ஆசிரியர் பற்றாக்குறையும் பள்ளிகளின் அவலமும் கணக்கில் வரவில்லை.

ஃபஃபுன்வா 2010-ல் காலமானார். இஃபே வகுப்பறைகளில் ஆங்கிலத்துக்கென அவர் அமர்த்திய தேர்ச்சி பெற்ற ஆசிரியர்கள், ஆங்கிலம் மட்டுமே என்று ஆணையிடும் அரசுக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படுவார்கள். நைஜீரியாவின் கிராமப்புறப் பள்ளிகளுக்கு அவர்கள் எங்கிருந்து வரப்போகிறார்கள் என்பதற்கு அமைச்சர் முதலில் பதில் சொல்ல வேண்டும்.