தனித்தீவில் தேய்வது எது?

ஆளில்லாத் தீவொன்றில் தனித்து விடப்பட்ட மனிதனின் கதை சிறுவரையும் முதியவரையும் ஒருங்கே ஈர்ப்பது ஏன்? 1719ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்த டானியல் டிஃபோவின் 'றொபின்சன் குறூசோ' இன்றளவும் வாசிக்கப்படுகின்றது. ஆபத்தும் துணிச்சலுமே அதன் கவர்ச்சி என்பர் பலர். அது முழு உண்மையன்று. உடைந்த கப்பலிலிருந்து கோடரி, ஆணி, அரிசி, மை, தாள் என ஒவ்வொன்றாகக் கரைசேர்த்து, வேலியிட்டு, தானியம் விளைத்து, கம்பத்தில் நாட்களைக் கீறிக் கணக்கிட்டு, அவன் தன் வாழ்வை மீளக் கட்டுகின்றான். அனைத்தையும் இழந்தவனும் மீண்டும் தொடங்கலாம் என்னும் ஆறுதலே அக்கதையின் உயிர். கைப்பெட்டி ஒன்றுடன் வந்திறங்கி அந்நிய மண்ணில் அடுப்பு மூட்டிய எம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் கதை சொல்லாத உண்மையொன்று உண்டு. குறூசோ 28 ஆண்டுகள் தீவில் வாழ்கின்றான். அவனது மொழி மங்குவதேயில்லை. இக்கதைக்குத் தூண்டுதலாய் அமைந்தவர்களுள் ஒருவராகக் கருதப்படும் அலெக்சாண்டர் செல்கேர்க் என்ற ஸ்கொட்லாந்து மாலுமியின் அனுபவம் வேறு. கப்பலின் பழுது குறித்துத் தலைவனுடன் முரண்பட்ட அவர், 1704இல் சிலி நாட்டுக்கு மேற்கேயுள்ள ஜுவான் பெர்னாண்டஸ் தீவுகளுள் ஒன்றில் இறக்கிவிடப்பட்டார். ஆடுகளைத் துரத்திப் பிடித்து, அவற்றின் தோலையே உடுத்து, நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1709 பெப்ரவரியில் அவரை மீட்ட வூட்ஸ் றொஜர்ஸ், அவரது பேச்சை விளங்கிக்கொள்வதே கடினமாயிருந்தது என்று பின்னர் எழுதினார்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. செல்கேர்க் மௌனமாக இருந்தவரல்லர். வேதநூலை வாசித்தார், சங்கீதங்களைப் பாடினார். மறுமொழி கூறத்தான் எவருமில்லை. வாசிப்பும் பாட்டும் மட்டும் ஒரு மொழியைக் காத்துவிடா. கேள்விக்கு விடை வரவேண்டும்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, வீட்டில் வேற்றுமொழியில் உரையாடும் பெற்றோர் இதனைச் சிந்திப்பார்களாக. அப்பிள்ளை திருக்குறள் ஒப்புவிக்கும், மேடையில் பாடும், பரிசும் பெறும். ஆயினும் தமிழில் அதனோடு பேச எவருமில்லையெனில், அதுவும் தீவில் விடப்பட்ட பிள்ளையே.

தீவுக் கதைகளைப் பிள்ளைகள் எம்மொழியிலேனும் வாசிக்கட்டும். இரவுணவின்போது அக்கதையைத் தமிழில் கேளுங்கள். தடுமாறிச் சொன்னாலும் பொறுமையோடு காத்திருங்கள். செல்கேர்க்கை மீட்கக் கப்பல் வரவேண்டியிருந்தது. எம் பிள்ளைகளை மீட்க உணவு மேசையில் அரைமணி நேரம் போதும்.