தமக்கையிடம் சொன்ன நோய்

சில மாதங்களுக்கு முன் ஒரு பிரதோஷ மாலை. ஓராண்டு இடைவெளிக்குப் பின் என் தமக்கையார் சைதாப்பேட்டை காரணீஸ்வரர் சன்னிதியில் வந்து நின்றார். உதிர்ந்த கேசம் அப்போதுதான் முளைத்து வந்தமையால், புடவைத் தலைப்பால் தலையை மூடியிருந்தார். பல்லாண்டுகள் அவருடன் பிராகாரம் வலம் வந்த அம்மையார் ஒருவர் அருகில் வந்து, "எந்த ஜன்மத்துப் பாவமோ, உங்களுக்கு இப்படி ஒரு சோதனை!" என்றார். அனுதாபத்தோடுதான் சொன்னார். ஆயினும் அடுத்த பிரதோஷத்துக்குத் தமக்கையார் வரவில்லை. அதன் பின்னரும் வரவில்லை.

அவருக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். வலியில்லாத சிறு கட்டியொன்றைக் கண்டும் எட்டு மாதங்கள் எவரிடமும் சொல்லாதிருந்தார். வலிக்கவில்லையே என்ற எண்ணம் ஒருபுறம். பேத்திக்கு வரன் பார்க்கும் சமயத்தில் பேச்சு வெளியே போய்விடுமே என்ற அச்சம் மறுபுறம். முன்னமே வந்திருந்தால் இத்தனை கடுமையான சிகிச்சை தேவைப்பட்டிராது என்றார் மருத்துவர்.

நோயைப் பாவத்தின் கூலி என்போர் திருநாவுக்கரசரின் வரலாற்றைச் சற்றே நினைத்துப் பார்க்கட்டும். சூலை நோய் அவர் வயிற்றைக் குடைந்தபோது, அவர் வேறு சமயத்தில் பெரும் பதவியில் இருந்தார். அந்நிலையிலும் வெட்கம் பாராமல், தம் தமக்கையார் திலகவதியாருக்கு ஆள் அனுப்பித் தம் வேதனையைத் தெரிவித்தார். திருவதிகைக்கு வந்து சேர்ந்த தம்பியைத் திலகவதியார் பழித்துரைக்கவில்லை. திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். நோயுற்றவர் மறைக்காமல் சொல்வதும், கேட்பவர் குற்றம் சாட்டாமல் அழைத்துச் செல்வதும் அந்த வரலாறு நமக்குக் காட்டும் இரு நெறிகள்.

நம் பேட்டைக்கு அண்மையிலுள்ள அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் ஒரு தமக்கையின் கண்ணீரில் பிறந்ததே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரமே அவரை உந்திற்று. 1952-ல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அது தொடங்கியது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 2021-ல் மறையும் வரை, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதை வலியுறுத்தி வந்தார் சாந்தா அம்மையார்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். இடையில் பரிசோதித்தால், புற்றாக மாறும் முன்னரே அதைக் களைந்துவிடலாம். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு இதற்கும் மார்பகத்துக்குமான பரிசோதனை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. சில நிமிடங்களே ஆகும். புகையிலை போடும் ஆண்கள், வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிடில் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது. ஆண்டுதோறும் குலதெய்வக் கோயிலுக்குச் செல்ல நாள் குறிக்கிறோம். வீட்டுப் பெண்களின் பரிசோதனைக்கும் அவ்வாறே ஒரு நாள் குறித்து, உடன் செல்வோம். பிரார்த்தனையும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மீண்டு வந்தவர்களிடம் ஒரு கனிவு காட்டுவோம். இந்நோய் தொட்டால் ஒட்டாது. "எப்படி வந்தது, எத்தனை நாள் தாங்கும்" என்ற கேள்விகள் வேண்டா. சிகிச்சை முடிந்த பின்னும் மாதக்கணக்கில் அசதி இருக்கும். மறுபரிசோதனைக்குச் செல்லும் நாளில் மனம் நடுங்கும். அன்று துணைக்குச் செல்வது பெரும் புண்ணியம்.

வரும் பிரதோஷத்துக்குத் தமக்கையாரை அழைத்து வர எண்ணியிருக்கிறேன். அன்பர்கள் அவரைக் கண்டால், "வாங்க அக்கா, அபிஷேகம் ஆரம்பிக்கப் போகிறது" என்று பக்கத்தில் இடம் விட்டால் போதும். காரணீஸ்வரர் அருள் யாவருக்கும் துணை நிற்பதாக.