சிலம்பை யார் உடைப்பது?

மாண்ட்ரியலில் பார்க் எக்ஸ்டென்ஷனைத் தெரியாத தமிழர் அநேகமாக இல்லை. கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் அங்கேதான் போவோம். அந்தப் பகுதியில் 2021 ஜனவரி 28 அன்று நடந்த ஒன்றைப் பற்றி வெகு நாளாக எழுத நினைத்திருந்தேன்.

காரோட்டும்போது கைபேசியைப் பயன்படுத்தியதாகச் சொல்லி, மமாடி கமாரா என்பவரை ஒரு போலீஸ்காரர் நிறுத்தி அபராதச் சீட்டு கொடுக்கிறார். அதன் பிறகு அந்தப் போலீஸ்காரரை யாரோ தாக்கி, துப்பாக்கியைப் பறித்துச் சுடுகிறார்கள். காருக்குள்ளிருந்து இதைப் பார்த்த கமாரா 911-ஐ அழைக்கிறார். அன்றே அவரையே கைது செய்தார்கள். குற்றச்சாட்டு, கொலை முயற்சி.

கமாரா கினி நாட்டிலிருந்து படிக்க வந்தவர். பாலிடெக்னிக் மாண்ட்ரியலில் தொலைத்தொடர்புப் பொறியியல் ஆய்வு மாணவர். நானும் வேறொரு நாட்டிலிருந்து பொறியியல் முதுகலை படிக்க விமானம் ஏறியவன்தான். செய்தியைப் படித்தபோது, அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் 911-ஐ அழைத்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் வர நேரமாயிற்று.

ஆறு நாள் சிறை. பிப்ரவரி 3 அன்று அரசுத் தரப்பு வழக்கறிஞரே வழக்கை நிறுத்தக் கோரினார். போக்குவரத்து அமைச்சகத்தின் சாலைக் கேமரா ஒன்று சம்பவத்தைப் பதிவு செய்திருந்தது. இரண்டு நாளில் மரபணுச் சோதனையும் அவர் நிரபராதி என்றது. போலீஸ் தலைவர் சில்வேன் கரோன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மார்ச் மாதம் வேறொருவர் டொராண்டோவில் கைதானார்.

இதை விசாரிக்க நியமிக்கப்பட்ட நீதிபதி லூயி தியோன் அந்த ஆண்டே அறிக்கை தந்தார். கைது செய்யப் போலீசாருக்கு நியாயமான காரணங்கள் இருந்தன, நிறத்தைப் பார்த்துச் சந்தேகித்ததாகச் சொல்ல ஆதாரமில்லை என்றார். ஊரில் பலர் இதை ஏற்கவில்லை. எனக்கும் முழுத் திருப்தியில்லை. ஆனால் ஒரு பேச்சுக்கு அறிக்கை முழுக்கச் சரியென்றே வைத்துக்கொள்வோம். விஷயம் இன்னும் மோசமாகிறது. கெட்டவன் ஒருவன் இருந்தால் அவனை வேலையிலிருந்து நீக்கிவிடலாம். நல்லெண்ணத்தோடு வேலை பார்த்தவர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு நிரபராதியைச் சிறைக்கு அனுப்பினால் யாரை நீக்குவது?

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது புரியும். தான் எழுதிய நிரலில் உள்ள பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று விதி வைக்கிறோம். கியூபெக்கிலும் அப்படி ஒரு விதி உண்டு. கனடாவின் பல மாகாணங்களில் போலீசாரே குற்றம் சுமத்தலாம். இங்கே அரசு வழக்கறிஞர் ஒப்புதல் தர வேண்டும். அந்த வழக்கறிஞர் எப்படி இருக்க வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1954-லேயே, பூஷே என்ற கியூபெக் வழக்கில் சொல்லிவிட்டது: தண்டனை வாங்கித் தருவது அவர் வேலையல்ல, வெற்றி தோல்வி என்ற எண்ணமே அவருக்கு இருக்கலாகாது. 1991-இல் ஸ்டின்ச்கோம்ப் வழக்கில், தன் வாதத்துக்கு எதிரான ஆதாரத்தையும் எதிர்த்தரப்புக்கு அவர் கொடுத்தாக வேண்டும் என்றது. 2007-இல் ஹில் வழக்கில், சந்தேகத்துக்குரியவரிடமும் கவனத்துடன் நடக்கும் கடமை போலீசுக்கு உண்டு என்றது. சட்டத்தில் குறையில்லை. ஆனால் அடிபட்டவர் நம்மாள், அவரே கை காட்டிவிட்டார் என்னும்போது, சரிபார்க்க வந்த இரண்டாவது கண்ணும் முதல் கண் பார்த்ததையே பார்க்கிறது.

சிலப்பதிகாரத்தை நினைத்துக்கொள்கிறேன். நாம் பாண்டியனையும் பொற்கொல்லனையும்தான் பேசுகிறோம். கொலைக்களத்துக்கு வந்த காவலர்களை மறந்துவிடுகிறோம். கோவலனைப் பார்த்ததும் இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று அவர்கள் சொல்லவே செய்தார்கள். பொற்கொல்லன் நீளமாகப் பேசினான். அவர்களில் ஒருவன் வாளை வீசிவிட்டான். சந்தேகம் இருந்தது. அதை அரசனிடம் எடுத்துச் செல்லத்தான் ஆளில்லை. சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். உடைத்தது கண்ணகி, எல்லாம் முடிந்த பிறகு. அந்த விதத்தில் கமாரா அதிர்ஷ்டசாலி. அவர் சிலம்பு ஆறாம் நாள் உடைந்தது.

சந்தேகத்தை எடுத்துச் செல்வது சாதாரண விஷயமல்ல. 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் பென்னிக்சும் அடிபட்ட இரவில் கண்டதை, தலைமைக் காவலர் ரேவதி விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம் சொன்னார். மறுநாளும் அதே சீருடையை அணிய வேண்டியவர். தன் கூட்டத்துக்கு எதிராகப் பேச அவருக்கிருந்த துணிச்சலும், தான் போட்ட வழக்கைத் தானே நிறுத்தக் கோர வேண்டிய அரசு வழக்கறிஞரின் நேர்மையும் ஒரே குடும்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னதற்கு உயிர் பயத்தை விட வேண்டும். பின்னதற்குத் தன் மேலுள்ள நம்பிக்கையை விட வேண்டும். எது கடினம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

காவல் துறைகள் அறநெறிப் பயிற்சி என்று வகுப்புகள் நடத்துகின்றன. லஞ்சம் வாங்காதே, அடிக்காதே, பொய்ச்சாட்சி சொல்லாதே. எல்லாம் வேண்டியதுதான். கூடவே ஒரு கேள்வியையும் படிவத்தில் அச்சடித்துவிடலாம்: "இவர் இதைச் செய்யவில்லை என்றால், அது எங்கே தெரியும்?" அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும்.

பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு இப்போதும் போகிறேன். சிக்னலில் நிற்கும்போது கண் தானாகக் கேமராவைத் தேடுகிறது. என்னைக் கண்காணிக்கிறார்களே என்று முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். இப்போது, தேவைப்பட்டால் அதை யாராவது போட்டுப் பார்ப்பார்களா என்றுதான் யோசிக்கிறேன்.