கல்பாசியும் அரைக்கால் வீசம் உண்மையும்

சென்ற பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் போயிருந்தோம். மலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் பாதையில் விற்காத பண்டம் இல்லை என்பதை அங்கே போய் வந்த நேயர்கள் அறிவார்கள். ருத்திராட்சம், ஸ்படிகம், வெட்டிவேர், மூட்டுவலித் தைலம் எல்லாவற்றையும் தாண்டி வருகையில், ஒருவர் கோணியின் மேல் கல்பாசியைக் குவித்து வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். நம் வீட்டுக் குருமாவில் மணத்துக்காக ஒரு சிட்டிகை கிள்ளிப் போடுகிறோமே, அதே கல்பாசிதான். அதைப் பொடி செய்து 48 நாள் தேனில் குழைத்துச் சாப்பிட்டால் எந்தப் புற்றும் கரைந்துவிடுமாம். அமெரிக்காக்காரனே ஒப்புக்கொண்டுவிட்டானாம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் நாமும் சிரித்துவிட்டு நடந்திருப்போம். அதில் அரைக்கால் வீசம் உண்மை கலந்திருந்ததுதான் தொல்லை.

கல்பாசி என்பது உண்மையில் பாசி அல்ல. பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பலும் பச்சையுமாய்ப் படர்ந்திருக்கும் இவ்வகை உயிர் ஒன்றல்ல, இரண்டு. பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கிறது. அதனுள்ளே குடியிருக்கும் பாசி வெயிலைக் கொண்டு சமையல் செய்து போடுகிறது. ஷ்வெண்டனர் என்ற ஸ்விஸ் பண்டிதர் 1867-ல் இதை வெளியிட்டபோது மற்றப் பண்டிதர்கள் பரிகாசம் செய்தார்கள். இந்தக் கூட்டுக் குடித்தனம் வெகு நிதானமாக வளருவது. ஓர் ஆண்டில் சில மில்லிமீட்டர் வளர்ந்தால் அதிகம். ஓடி ஒளிய முடியாத ஜீவன் ஆகையால், வெயிலுக்கும் பூச்சிக்கும் கிருமிக்கும் தற்காப்பாக விசித்திரமான ரசாயனங்களைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. இதுவரை ஆயிரத்துக்கு மேற்பட்டவை கண்டறியப்பட்டிருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் அமிலத்தில் தோய்க்கும் லிட்மஸ் காகிதத்தின் சாயமும் இவ்வினத்திலிருந்து வந்ததுதான்.

இந்தச் சரக்குகளை நம் நாட்டில் முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர் என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம். குளித்தலையில் 1900-ல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, மான்செஸ்டரில் ராபின்ஸனிடம் பயின்று திரும்பி, வால்டேரில் ஆந்திர சர்வகலாசாலையில் சோதனைச்சாலை நடத்தினார். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரும் அவருடைய மாணாக்கர்களும் கடற்கரையோர மரங்களில் வளரும் ராக்ஸெல்லா முதலிய இந்திய வகைகளைப் பிரித்து ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். 1949-ல் டில்லிக்குப் போனார். 1960-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிற்று. அவர் ஒரு சரக்கைப் பிரித்தால் அதன் அணுக்கட்டு இன்னது என்று காட்டிய பிறகே பேசினார். கோணிக்காரருக்கும் அவருக்கும் உள்ள பேதம் அதுதான்.

இனி அந்த அரைக்கால் வீசத்துக்கு வருவோம். மரக்கிளையில் தாடி போலத் தொங்கும் ஒரு வகையிலிருந்து உஸ்னிக் அமிலம் என்ற மஞ்சள் சரக்கு கிடைக்கிறது. 1844-ல் நாப் என்ற ஜெர்மானியர் முதலில் பிரித்தெடுத்தது இது. 1975-ல் அமெரிக்காவில் குப்சானும் கோப்பர்மனும், எலிகளுக்கு உண்டாக்கிய ஒரு நுரையீரல் புற்றை இது ஓரளவு தடுக்கிறது என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த புற்றணுக்களை இவ்வினத்துப் பல அமிலங்கள் கொல்வதாக எத்தனையோ சோதனைச்சாலைகள் எழுதியிருக்கின்றன. கிண்ணத்தில் அணுவைக் கொல்வது பெரிய காரியமல்ல. சலவைச் சோடாவும் கொல்லும். பக்கத்து நல்ல அணுவை விட்டுவிட வேண்டுமே!

உஸ்னிக் அமிலம் விடுவதில்லை. அணுவுக்குள் சக்தி விளையும் உலையையே அது குலைக்கிறது. அந்த உலை கல்லீரலிலும் இருக்கிறது. இவ்வமிலத்தோடு வேறு சரக்குகளும் சேர்த்து உடல் மெலிய என்று அமெரிக்காவில் விற்ற ஒரு மாத்திரையால் பலருக்குக் கல்லீரல் பழுதாகி, 2001 நவம்பரில் அரசாங்கமே அதை நிறுத்தச் சொல்லி எச்சரித்தது. நம் அஞ்சறைப்பெட்டிக் கல்பாசியில் இருப்பவையோ பெரும்பாலும் வேறு அமிலங்கள். ஆகவே கோணிக்காரர் சொன்ன சான்றும் அவர் விற்ற சரக்கும் ஒன்றுக்கொன்று உறவே இல்லை.

பச்சிலையில் மருந்தே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. கொல்லையில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின், 1963 முதல் ரத்தப் புற்று கண்ட குழந்தைகளைப் பிழைக்க வைக்கிறது. ஆனால் அது மூட்டை மூட்டையாக இலையைக் காய்ச்சி, மிகச் சிறிதளவாய்ப் பிரித்து, அளந்து ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து. இலையைத் தின்றால் விஷம்.

அன்றிரவு இதையெல்லாம் நாம் தங்கியிருந்த நண்பர் வீட்டில் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பரிமாறிக்கொண்டிருந்த நண்பரின் தமக்கையார் கையிலிருந்த கரண்டி நின்றது. பிறகு, சமையலறையிலிருந்து ஒரு பொட்டலத்தைக் கொண்டு வந்து வைத்தார். அதே பொடி. மார்பில் ஒரு கட்டி. நான்கு மாதமாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

"ஏன் அக்கா, டாக்டரிடம் காட்டியிருக்கலாமே?" என்றோம்.

"பகவானுக்கே நாலு தடவை கத்தி வைத்தார்களே, என்ன ஆயிற்று?" என்றார்.

இந்த ஊரில் இக்கேள்விக்குப் பதில் சொல்வது எளிதல்ல. ரமண மகரிஷியின் இடக் கையில் தோன்றிய கட்டிக்கு 1949 பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள் நான்கு ரண சிகிச்சைகள் நடந்தன, ரேடியமும் வைத்தார்கள், மூலிகை வைத்தியமும் ஆயிற்று. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். ஆனால் அது ஸார்க்கோமா என்னும் பொல்லாத ஜாதி, காலமும் வேறு. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஏற்படுத்தியதே 1954-ல்தான். மார்பில் தோன்றும் கட்டிகளில் பல புற்றே அல்ல. புற்றாயிருந்தாலும் ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாகிறது. இவ்வளவையும் சொன்னோம். அவர் எதையும் மறுக்கவில்லை. "கையை எடுத்துவிட வேண்டும் என்றபோது பகவான் வேண்டாம் என்றார். எனக்கும் அப்படிச் சொல்ல உரிமை உண்டா?" என்று மட்டும் கேட்டார். "உண்டு, ஆனால் இன்னதென்று தெரிந்துகொண்ட பிறகு சொல்லுங்கள்" என்றோம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தம்பியுடன் சென்னைக்குப் புறப்பட்டார். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதை எழுதும்வரை முடிவு வரவில்லை. பொட்டலத்தை நண்பரின் மனைவி சாக்கடையில் கொட்டிவிட்டார். குருமாவில் போட்டால் என்ன என்று நாம் கேட்டதற்கு, அந்தக் கோணியில் வேறு என்னென்ன இருந்ததோ, யார் கண்டது என்றார்.